இந்தியா – சீனா தேசிய சேமிப்பு விகிதம்: 1980ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஏன் இவ்ளோ இடைவெளி?

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாட்டோட மொத்த தேசிய சேமிப்பையும், அதாவது நாட்டு வருமானத்துல செலவாகாம மிஞ்சறது ஜிடிபில எத்தனை சதவீதம்ங்கறத, ஒரே படத்துல போட்டு பாத்துட்டு இருக்கேன். 1980 வாக்குல நம்மளுது 18, 19 கிட்ட, சீனா அப்பவே 33க்கு மேல. 2000ல நாம 24 போல, அவங்க 36, 37. அதுக்கப்புறம்தான் விஷயமே, ரெண்டு கோடும் சேந்தாப்ல எகிறுது, நம்மளுது 2007-08ல 36.8, அவங்க 2008ல இருந்து 2010க்குள்ள 50ஐத் தாண்டி போயிட்டாங்க. அப்புறம் ரெண்டும் இறங்குது, இப்ப நாம 30 சொச்சம், அவங்க 43, 44.

எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, நாம உச்சத்துல இருந்தப்ப கூட சீனா 1990கள்ல இருந்த அளவுக்குதான் வந்தோம், இந்த இடைவெளி ஏன்? ரெண்டாவது, 2003ல இருந்து 2008 வரைக்கும் ரெண்டு நாடும் ஒரே நேரத்துல ஏன் ஏறுச்சு? இந்தியாவுக்கும் சீனாவுக்கும் மக்கள் தொகை தவிர பெருசா ஒத்துமை இல்லையே. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செம்மண்:
நண்பா இதுல பெரிய ரகசியம் எல்லாம் இல்ல, ரெண்டும் ஆசிய நாடு, பிள்ளைங்களுக்கு சேத்து வைக்கிற சமுதாயம். நம்ம பாட்டி அஞ்சறைப்பெட்டில காசு போட்டு வச்சாங்க, அம்மா சீட்டு கட்டுனாங்க, பொண்ணு பொறந்த அன்னிக்கே நகைக்கு ஆரம்பிச்சாங்க. சீனாக்காரங்களும் அப்படித்தான். அமெரிக்காகாரன் மொத்தத்துல 18, 20 சதவீதம் சேத்தா பெருசு. இப்ப நம்ம கோடு இறங்குதுன்னா இந்த தலைமுறை இஎம்ஐல போன் வாங்குது, கிரெடிட் கார்டு தேய்க்குது, அவ்ளோதான் காரணம். குணம் மாறிடுச்சு, கோடு இறங்கிடுச்சு.

பேரேடு:
செம்மண் தம்பி, நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன், டெபாசிட் பக்கம்தான் சர்வீஸ்ல பாதி போச்சு, அதனால இத விட்டுட்டுப் போக மனசு வரல. குணம்தான் காரணம்னா 1950-51ல நம்ம சேமிப்பு ஜிடிபில 9, 10 சதவீதம்தான் இருந்துச்சே, அப்ப நம்ம பாட்டிங்க ஊதாரியா இருந்தாங்களா? அப்பவும் அதே அஞ்சறைப்பெட்டி, அதே நகை ஆசை. ஆர்தர் லூயிஸ்னு பொருளாதார அறிஞர், பின்னாடி நோபல் வாங்கினவர், 1954லயே எழுதினார், ஒரு ஏழை நாடு 4, 5 சதவீதம் சேக்கறதுல இருந்து 12, 15க்கு எப்படி போகுதுங்கறதுதான் வளர்ச்சியோட மையக் கேள்வின்னு. அதுக்கு அவர் சொன்ன பதில் ஜனங்க சிக்கனமாயிடுவாங்கங்கறது இல்ல, வருமானத்துல லாபத்தோட பங்கு ஏறும், லாபம் சம்பாதிக்கிறவன் அத திருப்பி முதலீடா போடுவான், அதனால சேமிப்பு ஏறும்ங்கறதுதான்.

இப்ப நொய்யல்கரை கேட்ட 2003 – 2008க்கு வருவோம். சேமிப்ப மூணா பிரிச்சுப் பாக்கணும், குடும்பங்கள், தனியார் கம்பெனிகள், அரசு. 2001-02ல குடும்பங்க ஜிடிபில 23 சதவீதம் கிட்ட சேத்தாங்க, 2007-08ல 22 சொச்சம். ஏறவே இல்ல! கம்பெனிங்க 3 சொச்சத்துல இருந்து 9.4க்கு போச்சு. அரசு, அதாவது மத்திய மாநில அரசுகளும் பொதுத்துறையும் சேந்து, மைனஸ்ல கெடந்துச்சு, ஒன்றரை ரெண்டு சதவீதம் பூஜ்யத்துக்கு கீழ, அது பிளஸ் 5க்கு வந்துச்சு. வரி வசூல் நல்லா வந்தது, அரசோட பற்றாக்குறைய கட்டுப்படுத்தற நிதிப் பொறுப்புச் சட்டம் 2003ல வந்தது, கம்பெனி லாபம் கொட்டுச்சு. ஏறின 12 புள்ளியும் இந்த ரெண்டு இடத்துல இருந்துதான் வந்தது, ஒரு வீட்டு அஞ்சறைப்பெட்டியும் அதுல இல்ல. அதே மாதிரி 2008-09ல ஒரே வருஷத்துல 36.8ல இருந்து 32க்கு விழுந்துச்சு, அப்பவும் குடும்பங்க குறைக்கல, அரசோட பங்குதான் 5ல இருந்து 1க்கு போச்சு. விவசாயக் கடன் தள்ளுபடி, ஆறாவது சம்பளக் கமிஷன், பெட்ரோல் டீசல் உர மானியம், எல்லாம் அந்த ஒரு வருஷத்துல.

நொய்யல்கரை:
பேரேடு சார் இது எனக்கு புது விஷயம், மொத்தக் கோட்ட மட்டும் வச்சு பாத்தா இது தெரியவே தெரியாது. அப்ப 1950ல 10ஆ இருந்தது 1980ல 19 ஆனது மட்டும் யாரால?

பேரேடு:
அதுல பெரும்பங்கு குடும்பங்கதான், ஆனா அதுக்கும் காரணம் திடீர்னு வந்த சிக்கனம் இல்ல. 1969ல 14 பேங்க நாட்டுடைமை ஆக்கினப்ப நாடு முழுக்க 8 ஆயிரம் சொச்சம் கிளைதான், 1990ல 60 ஆயிரம் கிட்ட வந்துடுச்சு, அதுல பெரும்பாலும் முன்ன பேங்கையே பாக்காத ஊருங்க. காசு போட ஒரு இடம் வந்ததும் ஜனங்க போட்டாங்க, அவ்ளோதான் தம்பி. எல்ஐசி, போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, பிஎஃப் எல்லாம் சேத்துக்கோங்க. அப்ப எழுந்த ஒரு பெரிய சந்தேகம் என்னன்னா சேமிப்பு இவ்ளோ ஏறியும் வளர்ச்சி ஏன் மூணரை சதவீதத்துலயே நிக்குது, கணக்கே தப்பான்னு. அதுக்காகவே ரிசர்வ் வங்கி கே.என்.ராஜ் தலைமைல ஒரு குழு போட்டு 1982ல அறிக்கை வந்துச்சு. சேமிப்பு மட்டும் இருந்தா நாடு முன்னேறிடும்னு நினைக்கிறவங்க நம்ம 1970கள கொஞ்சம் பாக்கணும்.

மல்லிகைப்பந்தல்:
ஒரு அடிப்படை சந்தேகம், யாரும் தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்ல ஏலச்சீட்டு கட்றோம், நகை வாங்கறோம், போன வருஷம் ஊர்ல அரை கிரவுண்டு மனை வாங்கினோம். இதெல்லாம் இந்த தேசிய சேமிப்புல வருமா வராதா? வராதுன்னா நம்மளோட உண்மையான சேமிப்பு இந்த கணக்க விட அதிகமா இருக்கும்ல?

பேரேடு:
நல்ல கேள்விம்மா. மனை, நீங்க குடுத்த காசு வித்தவர் கைக்கு போச்சு, நாட்டுக் கணக்குல ஒருத்தர் பிளஸ் ஒருத்தர் மைனஸ், மொத்தம் ஒண்ணுமில்ல. அதுல வீடு கட்டினீங்கன்னா அந்த கட்டுமானச் செலவு சேமிப்புல வரும், குடும்பங்களோட பௌதிக சேமிப்புன்னு அதத்தான் சொல்றாங்க, நம்ம நாட்டுல குடும்ப சேமிப்புல பாதிக்கு மேல அதுதான். சீட்டும் அதே கதை, நீங்க கட்ற காசு இன்னொருத்தர் எடுக்கறாரு, அவர் அத கல்யாணத்துக்கு செலவு பண்ணிட்டா நாட்டுக்கு சேமிப்பு பூஜ்யம், தறி வாங்கிப் போட்டார்னா முதலீடா நிக்கும். நகையில போடறத 2011-12 சீரிஸ்ல இருந்து, அதாவது 2011-12ஐ அடிப்படை ஆண்டா வச்சுப் போட்ட நாட்டுக் கணக்குல இருந்து, தனி வரியாவே காட்றாங்க, ஆனா அது ஜிடிபில ஒரு சதவீதம் கூட வராது. வருஷத்துக்கு 700, 800 டன் தங்கம் இறக்குமதி பண்ற நாட்டுல இது கம்மியா தெரியுதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, நியாயமான கேள்விதான். ஷேர், மனை விலை ஏறினா அந்த ஏத்தமும் சேமிப்பு இல்ல, அது மதிப்பு கூடறது மட்டும்தான்.

குவாங்சோ தமிழ்:
சீனா பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன், இங்க துணி மெஷின் வியாபாரத்துல இருக்கேன், கூட வேல பாக்கறவங்க பெரும்பாலும் 40, 50 வயசு உள்ளூர்க்காரங்க. அவங்கள பாத்தா செம்மண் சொல்ற மாதிரி ஆசியப் பழக்கம்னுதான் முதல்ல தோணும், ஆனா பேசிப் பாத்தா அதுக்குள்ள இருக்கிறது பயம். 1990கள் நடு வரைக்கும் அரசு தொழிற்சாலைல வேலைன்னா வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைங்க பள்ளிக்கூடம், பென்ஷன் எல்லாம் அந்த தொழிற்சாலையே பாத்துக்கும், இரும்புச் சோத்துக் கிண்ணம்னு சொல்லுவாங்க, உடையவே உடையாதுன்னு அர்த்தம். அது உடைஞ்சுது. 1990கள் கடைசில இருந்து சில வருஷத்துக்குள்ள ரெண்டு கோடி பேருக்கு மேல அரசு ஆலைகள்ல வேல போச்சு. 1998ல தொழிற்சாலை வீடு குடுக்கற முறைய நிறுத்திட்டாங்க, இனிமே காசு குடுத்து வாங்கு. ஆஸ்பத்திரி செலவுல 60 சதவீதம் 2001 வாக்குல ஜனங்க கைல இருந்துதான் போச்சு. இப்படி ஒரு பத்து வருஷத்துக்குள்ள வீட்டுக்கு, வைத்தியத்துக்கு, படிப்புக்கு, வயசான காலத்துக்கு எல்லாத்துக்கும் நீயே சேத்து வைன்னு ஆயிடுச்சுன்னா யாரா இருந்தாலும் சேப்பாங்க. கிராமத்துல இருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவங்க நிலைமை இன்னும் மோசம், ஹூகோங்கற குடியிருப்புப் பதிவு கிராமத்துல இருக்கும், நகரத்துல பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி சலுகை கிடைக்காது.

இன்னொண்ணு ஒரு குழந்தைத் திட்டம். 1980ல வந்தது, 2016ல ரெண்டு குழந்தைன்னு தளர்த்தினாங்க. பாத்துக்க நாலு பிள்ளைங்க இருந்த இடத்துல ஒரு பிள்ளை, வயசான காலத்துல அந்த ஒரு பிள்ளைய மட்டும் நம்ப முடியாது. மொடிலியானி, அவரும் நோபல் வாங்கினவர், ஷி சாவோ கூட சேந்து எழுதின கட்டுரை 2004ல வந்துச்சு, பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சதும் வருமானம் வேகமா ஏறினதும்தான் சீன குடும்ப சேமிப்புக்கு காரணம்னு. அதுக்கப்புறம் ஷாங்ஜின் வெய், ஷியாபோ ஜாங் ரெண்டு பேரும் 2011ல வேற ஒண்ணு சொன்னாங்க, ஆண் பிள்ளைங்க அதிகமாயி பொண்ணு கிடைக்காததால பையன் இருக்கிற வீட்ல போட்டி போட்டு வீடு வாங்க சேக்கறாங்கன்னு. இங்க பையன் கல்யாணத்துக்கு முன்னாடி ஃபிளாட் இருக்கணும்ங்கறது எழுதாத சட்டம், அத நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன்.

தறிச்சத்தம்:
குவாங்சோ அண்ணே நீங்க சொல்றது எல்லாம் குடும்பங்களப் பத்தி, அது உண்மைதான், ஆனா அதுலயே நின்னுட்டா பெரிய விஷயம் விட்டுப்போகுது. 2000ல இருந்து 2008க்குள்ள சீனா 37ல இருந்து 50ஐத் தாண்டினதுல குடும்பங்க மட்டும் இல்ல, கம்பெனிங்களும் அரசும் சேந்துதான் பெரும்பங்கு, அதாவது பேரேடு ஐயா இந்தியாவுக்கு சொன்ன கதை மாதிரிதான். 1994 வரிச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் அரசு கம்பெனிங்க லாபத்துல அரசுக்கு டிவிடெண்டே குடுக்கல, 2007லதான் மறுபடி கேக்க ஆரம்பிச்சாங்க, அதுவும் கொஞ்சம்தான். லாபம் பூரா உள்ளயே நின்னுச்சு, அது பேரு சேமிப்பு. பேங்க் டெபாசிட்டுக்கு வட்டி உச்சவரம்பு வச்சிருந்தாங்க, விலைவாசிக்கே அந்த வட்டி போதாது, அந்த உச்சவரம்ப 2015லதான் எடுத்தாங்க. அப்ப என்ன ஆகுது, ஜனங்க போட்ட காசு மலிவு வட்டில ஆலைகளுக்கு கடனா போச்சு, ஜனங்களுக்கு வர வேண்டிய வட்டி கம்பெனி லாபமா ஆச்சு. மொத்த நாட்டு வருமானத்துல குடும்பங்க கைக்கு வர்ற பங்கே சுருங்கிடுச்சு. குடும்பங்களோட நுகர்வு 2000ல ஜிடிபில 46 போல இருந்தது 2010ல 35 கிட்ட வந்துடுச்சு, உலகத்துல பெரிய நாடு எதுலயும் இப்படி இல்ல. இத சிக்கனம்னு சொன்னா அந்த ஜனங்களுக்கு பண்ற அநியாயம். தறி ஓட்றவனுக்கு கூலி ஏத்தாம முதலாளி புது தறி வாங்கினா அந்த வீட்ல சேமிப்பு ஏறிடுச்சுன்னு தறி ஓட்றவன பாராட்ட முடியுமா?

செம்மண்:
தோழர் அப்படியே பாத்தாலும் அந்த காச அவங்க வீணாக்கலயே. பெய்ஜிங் – தியான்ஜின் அதிவேக ரயில் 2008ல ஓடுச்சு, இன்னிக்கு 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல அந்த மாதிரி பாதை. துறைமுகம், மின்சாரம், ஆலை, கோடிக்கணக்கான பேர் வறுமைல இருந்து வெளிய வந்தாங்க. சேமிப்பு இல்லாம இது நடக்குமா? நம்ம நாட்டுல ரோடு போட காசு இல்லன்னு வெளிநாட்டு முதலீட்டுக்கு காத்துக்கிட்டு இருந்தோம்.

தறிச்சத்தம்:
நடந்துச்சு, மறுக்கல. ஆனா ஒரு எல்லைக்கு மேல அந்த காசுக்கு உள்ள வேலையே இல்லாம போச்சு. சேமிப்புல இருந்து முதலீட்ட கழிச்சா வர்றதுதான் நடப்புக் கணக்கு, அதாவது வெளிநாடுகளோட வரவு செலவுல மிஞ்சறது இல்ல குறையறது, அது கணக்கு விதி, யாராலயும் மாத்த முடியாது. 2007ல சீனாவோட நடப்புக் கணக்கு உபரி ஜிடிபில 10 சதவீதம் கிட்ட, அதாவது 40 சதவீதத்துக்கு மேல முதலீடு பண்ணியும் மிச்சம் 10 வெளிய போச்சு, அமெரிக்க கடன் பத்திரமா. 2005லயே அமெரிக்க மத்திய வங்கில இருந்த பெர்னாங்கி உலகத்துல சேமிப்பு வழியுதுன்னு பேசினாரே, அது சீனா, எண்ணெய் நாடுங்க எல்லாத்தையும் சேத்துத்தான். கூலி கம்மியா வாங்கின ஒருத்தியோட உழைப்பு, தன்ன விட பல மடங்கு பணக்கார நாட்டுக்கு கடனா போகுது. 2008க்கு அப்புறம் ஏற்றுமதி விழுந்ததும் அந்த காச ஃபிளாட்டா கட்டித் தள்ளினாங்க, இப்ப அதுல எத்தனை காலியா கெடக்குன்னு குவாங்சோ அண்ணனுக்கே தெரியும். நாம அதுக்கு நேர் எதிர், 2012-13ல நடப்புக் கணக்கு பற்றாக்குறை 4.8 சதவீதம், சேமிப்பு பத்தாம வெளிய இருந்து வாங்கினோம், 2013ல ரூபாய் விழுந்தப்ப தங்கத்துக்கு இறக்குமதி வரி 10 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க.

உப்பளம்:
இடைல வர்றேன். தலைப்புல தேசிய சேமிப்புன்னு போட்டிருக்கீங்க, ஆனா பாதி பேர் உள்நாட்டு சேமிப்பு நம்பர சொல்றீங்கன்னு தோணுது. ஜிடிபில இருந்து நுகர்வ கழிச்சா உள்நாட்டு சேமிப்பு. அதோட வெளிநாட்டுல இருந்து வர்ற வருமானத்தையும், வீட்டுக்கு அனுப்பற பணத்தையும் சேத்து, இங்க இருந்து வெளிய போற லாபம் வட்டிய கழிச்சாதான் தேசிய சேமிப்பு. சீனாவுக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நமக்கு உண்டு, 2022ல இருந்து வருஷத்துக்கு 100 பில்லியன் டாலருக்கு மேல ஜனங்க வெளிநாட்டுல இருந்து அனுப்பறாங்க, உலகத்துலயே முதல் இடம், ஜிடிபில 3 சதவீதம். துபாய்ல வெயில்ல நிக்கிறவர் அனுப்பற காசு தேசியக் கணக்குல மட்டும்தான் தெரியும். ஒப்பிடறப்ப எதையாவது ஒண்ண எடுத்துக்கிட்டு ரெண்டு நாட்டுக்கும் அதையே வைங்க.

குவாங்சோ தமிழ்:
காலி ஃபிளாட் பத்தி கேட்டீங்க, இருக்கு, எங்க ஏரியாவுலயே இருட்டா நிக்கிற பில்டிங்க இருக்கு. ஆனா 2010க்கு அப்புறம் சேமிப்பு இறங்கினதுல நல்லதும் இருக்கு. கிராமத்து மருத்துவக் காப்பீடு 2003ல ஆரம்பிச்சு பரவுச்சு, ஆஸ்பத்திரி செலவுல ஜனங்க கைக்காசு 30 சதவீதத்துக்கு கீழ வந்துடுச்சு. ஆலைங்களுக்கு ஆள் கிடைக்காம கூலி ஏறுச்சு. வயசானவங்க அதிகமாயிட்டாங்க, அவங்க சேத்தத எடுத்து சாப்பிடற காலம். ஆனா 2022ல மறுபடி பயம் வந்துச்சு, ஊரடங்கு, கட்டி முடிக்காத வீடுங்க, அந்த ஒரு வருஷத்துல மட்டும் குடும்பங்களோட பேங்க் டெபாசிட் 17.8 லட்சம் கோடி யுவான் கூடுச்சு. கடை வீதில போய் நின்னா தெரியும், காசு இருக்கு, ஆனா வெளிய எடுக்க மனசில்ல.

மல்லிகைப்பந்தல்:
நம்ம ஊர்ல அதே 2022-23ல நேர்மாறா நடந்திருக்கு. கடன் போக குடும்பங்க நிதியா, அதாவது டெபாசிட், எல்ஐசி, பிஎஃப் மாதிரி சேத்தது ஜிடிபில 5 சதவீத சொச்சம்தான், பல பத்து வருஷத்துல இதுதான் கம்மின்னு அப்ப எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. கோவிட் வருஷம் 2020-21ல 11க்கு மேல இருந்தது. நிதி அமைச்சகம் என்ன சொன்னாங்கன்னா ஜனங்க வீடு, வண்டி வாங்க கடன் எடுக்கறாங்க, எதிர்காலத்து மேல நம்பிக்கை இருக்கிறதாலதான்னு. எனக்கு அது முழுசா ஏத்துக்க முடியல. எங்க தெருவுல நகைக்கடன் கடை புதுசு புதுசா வருது, அங்க வரிசைல நிக்கிறவங்க வீடு வாங்க நிக்கல, ஸ்கூல் ஃபீஸ் கட்ட நிக்கிறாங்க. பேரேடு சார், கடன் எதுக்கு வாங்கினாங்கன்னு கணக்குல பிரிச்சு பாக்க முடியுமா?

பேரேடு:
ஓரளவு முடியும்மா. பேங்க் கடன வீட்டுக்கடன், வண்டிக்கடன், நகைக்கடன், கிரெடிட் கார்டு, பர்சனல் லோன்னு ரிசர்வ் வங்கி மாசா மாசம் பிரிச்சு போடுது. வீட்டுக்கடன் பெரிய பங்குதான், அமைச்சகம் சொன்னதுல பொய் இல்ல. ஆனா அடமானம் இல்லாத சின்னக் கடன் எவ்ளோ வேகமா ஏறுச்சுன்னா ரிசர்வ் வங்கியே 2023 நவம்பர்ல தலையிட்டு அந்த கடனுங்களுக்கு பேங்க் ஒதுக்க வேண்டிய மூலதனத்த ஏத்தி விட்டுச்சு. நம்பிக்கைல வாங்கின கடன் மட்டும்னா அத செஞ்சிருக்க மாட்டாங்க. நீங்க தெருவுல பாக்கறது கணக்குலயும் தெரியுது.

இன்னொரு முக்கியமான விஷயம் நொய்யல்கரை தம்பிக்கு. நீங்க 36.8ல இருந்து 30க்கு ஒரே கோடா இழுத்திருந்தா அத அப்படியே விட்டுடாதீங்க. 36.8ங்கறது 2004-05 சீரிஸ், இன்னிக்கு 30 சொச்சம்ங்கறது 2011-12 சீரிஸ். ரெண்டும் ஒரே அளவுகோல் இல்ல. 2011-12ங்கற அதே வருஷத்துக்கு பழைய சீரிஸ்ல 31 சொச்சம், புது சீரிஸ்ல 34.6. கம்பெனி அமைச்சகத்துல பதிவான லட்சக்கணக்கான கம்பெனி கணக்குங்கள உள்ள கொண்டு வந்ததால கம்பெனி சேமிப்பு பெருசாச்சு, அதான் பெரிய காரணம். அப்ப 2007-08ஓட இன்னிக்கு நிலைமைய நேரா ஒப்பிட முடியாது, புது அளவுல அந்த உச்சம் இன்னும் உசரமா இருந்திருக்கலாம், அப்படின்னா சரிவும் இன்னும் ஆழம். புது சீரிஸ்குள்ளயே பாத்தா குடும்பங்க 2011-12ல 23.6, 2022-23ல 18 சொச்சம். இந்த ஒரு வரிதான் என் மனச உறுத்துது, ஏன்னா இந்த தடவ இறங்கறது அரசோ கம்பெனியோ இல்ல, வீடுங்க.

நொய்யல்கரை:
அப்ப 2011-12ல கோட்ட வெட்டி ரெண்டு துண்டா வரையறேன், மூணு பங்கையும் தனித்தனி நிறத்துல. உப்பளம் சொன்ன மாதிரி ரெண்டு நாட்டுக்கும் தேசிய சேமிப்பு மட்டும். குவாங்சோ அண்ணே, சீனாவோட குடும்பம், கம்பெனி, அரசு பிரிவு அவங்க புள்ளியியல் ஆண்டு நூல்ல நிதி ஓட்ட அட்டவணைல இருக்குன்னு கேள்விப்பட்டேன், சீன மொழில இருந்தாலும் பரவால்ல, எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க, 1992ல இருந்து கிடைச்சா நம்ம கோட்டுக்கு பக்கத்துல வச்சுடலாம்.